குறைந்த செலவில் முதல் துப்பாக்கி

துப்பாக்கி வாங்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார். இந்தியாவில் அது இரண்டாவது கேள்வியாகவே இருக்க வேண்டும். உரிமம் கிடைக்குமா, எந்த வகைக்குக் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பணக்கணக்குக்கு அர்த்தம் உண்டு.

குறிபார்த்துச் சுடும் ஆசை மட்டுமே உள்ளவர் உரிமத்துக்கு அலைய வேண்டியதே இல்லை. 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. துளைக்கு மிகாமலும், குழல்வாயில் 20 ஜூல் ஆற்றலுக்கு மிகாமலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கிக்கு), 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. நல்ல கடையில் ரசீதுடன் வாங்கி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும். ஆனால் அது விளையாட்டுப் பொருளன்று. அதன் ஈயக்குண்டு கண்ணைப் பறித்துவிடும். அதைக் கொண்டு காட்டுப் பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

தற்காப்புக்கோ பயிர்க்காவலுக்கோ துப்பாக்கி வேண்டுபவர் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டும். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடமும் சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள, முகவரிச் சான்றுகளோடு மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று ஆகியவற்றையும் கேட்பார்கள். அதன்பின் காவல் நிலைய விசாரணை நடக்கும். எதற்காகத் துப்பாக்கி என்ற கேள்விக்கு 'பாதுகாப்புக்காக' என்ற ஒற்றைச் சொல் போதாது. தனித்த தோட்ட வீடு, பணம் எடுத்துச் செல்லும் தொழில், ஏற்கெனவே கொடுத்த மிரட்டல் புகார் என எதைக் காரணமாகச் சொன்னாலும் அதற்கான தாளை இணைத்திருக்க வேண்டும்.

சிறு வருமானக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டிய ஒரு விதி உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் 18ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். 'முடித்துத் தருகிறேன்' என்று வரும் இடைத்தரகருக்குக் கொடுக்கும் பணம், பல நேரங்களில் ஒரு பழைய துப்பாக்கியின் விலைக்கு நிகராகிவிடும் என்பதால், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எந்த வகையைக் கேட்பது என்பதில்தான் உண்மையான சிக்கனம் இருக்கிறது. கைத்துப்பாக்கி பலருக்கும் கனவு. ஆனால் 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் அன்றைய விலையே சுமார் 1.22 லட்சம் ரூபாய். அதைவிடப் பன்மடங்கு மலிவானது 12 போர் (குழல் துளையின் அளவைக் குறிக்கும் எண்) ஒற்றைக்குழல் துப்பாக்கி. 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, குழலின் உட்புறத்தில் சுருள் வரிப்பள்ளம் இல்லாத இத்தகைய துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவரைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மற்றவர்களைவிடச் சற்றுத் தாராளமாகவே நடத்துகிறது. வீட்டைக் காக்க அதுவே போதுமானது என்பது என் கருத்து.

பழைய துப்பாக்கியை உரிமம் பெற்ற கடையிலோ, வேறொரு உரிமதாரரிடமிருந்து முறைப்படி மாற்றியோ வாங்கலாம். வாங்குமுன் தோட்டா இல்லை என்பதை நீங்களே பார்த்து உறுதி செய்த பின், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். துருக்குழியோ நெளிவோ தெரிந்தால் வேண்டாம். மடக்கிப் பூட்டி ஆட்டிப் பார்க்கும்போது குழலும் அதற்குப் பின்னுள்ள இரும்புப் பகுதியும் சேருமிடம் கடகடத்தால், அது மலிவாகக் கிடைப்பதற்கான காரணம் அதுவே. தாத்தா காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் குழலின் மேல் பாம்புத்தோல் போன்ற வரிகள் காணப்பட்டால், அது டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த குழல்; இன்றைய தோட்டாக்களை அது தாங்கும் என்று நம்ப முடியாது, சுவரில் மாட்டத்தான் அழகு. தோட்டா அமரும் அறை 65 மி.மீ. நீளமுள்ள பழைய துப்பாக்கியில் 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது விரிய இடமின்றி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும் என்பதால், அறை அளவைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளந்து கேட்டுக்கொள்ள வேண்டும். பொறித்துள்ள எண் தாளில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எண் அழிக்கப்பட்டதும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியும் எவ்வளவு மலிவாக வந்தாலும் சிறைக்கே இட்டுச் செல்லும்.

துப்பாக்கிக்கே கைக்காசு முழுவதையும் செலவிட்டுவிடாதீர்கள். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி, தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டுப்பெட்டி, காதடைப்பு, துடைப்புக்கோலும் எண்ணெயும், பழகுவதற்கான தோட்டாக்கள் ஆகியவற்றுக்குப் பணம் மிஞ்சவில்லை என்றால் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். எந்தத் துப்பாக்கியும் நிரப்பப்பட்டதாகவே கருதுவது, சுடும் கணம் வரை விரலை விசையில் வைக்காதிருப்பது, சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழலை நீட்டாதிருப்பது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்திருப்பது ஆகிய நான்கும் காசில்லாமல் கிடைக்கும் பழக்கங்கள்.

பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்றவருக்கும் அதனாலேயே காட்டுப்பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. அதற்கு வனத்துறையின் அனுமதி தனியே வேண்டும். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். கடையில் வைத்தால் வாடகை உண்டு என்பதால் காவல் நிலையமே சிக்கனம். ஆனால் ஒப்படைக்கும்போது எண்ணும் அன்றைய நிலையும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பப் பெறும்போது துருவையும் கீறலையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.