லயக் காம்பராவில் நடக்கும் மெய்நிகர் திகில்கதையை எழுதும் முறை

மெய்நிகர் விளையாட்டை வைத்து எழுதப்படும் திகில்கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சரிகின்றன. எது விளையாட்டு, எது நிஜம் என்பது எழுதுகிறவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. கதாநாயகி குழம்பலாம், வாசகர் குழம்பலாம், நீங்கள் ஒரு வரியிலும் குழம்பக் கூடாது. அதனால் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் அளவுநாடாவை எடுங்கள்.

லயம் என்பது இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வாழும், ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. அதில் ஓர் அறைதான் காம்பரா. பழைய லயத்துக் காம்பரா ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. தலையில் மாட்டும் மெய்நிகர் கருவியான ஹெட்செட்டில், அதுவும் மெட்டாவின் குவெஸ்ட் வகையில், நடந்து விளையாட 2 மீற்றருக்கு 2 மீற்றர், அதாவது ஆறரை அடிச் சதுரம் வெறுமையாக இருக்க வேண்டும். 3 அடிக் கட்டிலை நீளச் சுவரோரம் போட்டால் அகலத்தில் 7 அடி மிஞ்சும். எதிர்ச் சுவரில் ஒன்றரை அடி அலுமாரி நின்றால் ஐந்தரை அடிதான், அதில் நடக்க முடியாது. உங்கள் பாத்திரம் கட்டிலை நிமிர்த்திச் சாத்த வேண்டும், அல்லது ஒரு மீற்றர் வட்டத்துக்குள் நின்றபடி விளையாட வேண்டும். இந்த நெருக்கடியை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் முட்டாமலிருக்க விளையாடும் இடத்தைச் சுற்றி ஒரு தடவை வரைந்த எல்லைக்கோட்டை ஹெட்செட் நினைவில் வைத்திருக்கும். அதற்குப் பிறகு அந்தச் சதுரத்துக்குள் யாரோ கொண்டுவந்து வைக்கும் முக்காலியையும், அதன்மேல் இருக்கும் சுடுதண்ணிக் கேத்தலையும் அந்தக் கோடு அறியாது. பிசாசைத் தேடிப் போக வேண்டாம், முக்காலியை நகர்த்தியவர் போதும்.

அடுத்து, அந்தக் கருவி தோட்டத்துக்குள் எப்படி வந்தது? மூன்றாம் பக்கத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள். குவெஸ்ட் 3எஸ் 2024 ஒக்டோபரில் 299 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அப்போதைய மதிப்பில் வரி சேராமலே 85,000 ரூபாய்க்கு மேல். அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். தோட்டத்தில் ஒரு நாள் வேலைப் பதிவைப் 'பேர்' என்பார்கள். அரைப் பேர் விழாமல் அறுபது பேருக்கு மேல், அதாவது அறுபது முழு நாளுக்கு மேல், போட்டால்தான் அந்தக் காசு சேரும். கொழும்புக் கடையில் வேலை செய்யும் அண்ணன், பாவித்த குவெஸ்ட் 2 ஒன்றைத் தீபாவளிக்குக் கொண்டுவருகிறான் என்பது நம்பக்கூடியது. கதைக்கும் அதுதான் நல்லது. பழைய சொந்தக்காரர் ரீசெட் செய்யாமல் விற்றிருந்தால் அவருடைய கணக்கும், வெளியார் செயலிகளை ஏற்றவிடும் டெவலப்பர் மோடும் திறந்தபடி அப்படியே உள்ளே கிடக்கும். உங்கள் வில்லன் நுழைய வேண்டிய கதவு அது.

கரண்ட் போகும் காட்சியில்தான் அதிகம் பேர் தவறு விடுகிறார்கள். கரண்ட் போனதும் விளையாட்டு அணைந்து கதாநாயகி நிஜத்துக்குத் திரும்பிவிட்டதாக எழுதுகிறார்கள். குவெஸ்ட் 2-இல் சொந்த பெற்றரி இருக்கிறது, நல்ல நிலையில் முழுதாக ஏற்றியிருந்தால் இரண்டு மணித்தியாலமளவில் ஓடும். அணைவது மின்குமிழும் ரவுட்டரும்தான். அந்த ஹெட்செட் தன் நான்கு கெமராக்களால் சுவரின் வெடிப்பையும் கலண்டரையும் சாமிப்படத்தையும் பார்த்துத்தான் தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. இருட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. இடம் தெரியவில்லை என்ற அறிவிப்பு வரும். தலை திரும்புவதை உள்ளிருக்கும் உணரி இன்னும் அறியும், கால் நகர்வதை அறியாது. கண்ணுக்கு முன்னால் வெளிச்சம், ஆனால் ஓரடி வைத்தாலும் உலகம் நகராது. அணைந்த திரையைவிட இது பலமடங்கு பயங்கரம். புதிதாக வெள்ளையடித்த வெறும் சுவரும் பகலிலேயே இதே கோளாறைத் தரும் என்பதைக் குறித்து வையுங்கள். யாரோ கலண்டரைக் கழற்றினார்கள் என்ற ஒரு வரியே துப்பாகிவிடும்.

குளிரையும் கணக்கில் எடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி விழும். இரவு முழுக்கக் குளிர்ந்த ஹெட்செட் வில்லையில் (லென்ஸில்) மூச்சு பட்டதும் ஆவி படியும். பத்துப் பதினைந்து நிமிடம் போர்வைக்குள் வைத்திருந்து எடுத்தால் சரியாகும். இன்னொரு கோளாறு நிரந்தரமானது. வில்லையை வெயில் பார்க்க வைத்தால் அது ஒளியைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும். அந்தச் சூட்டுப் புள்ளி, போடுகிறவர் எங்கே திரும்பினாலும் விளையாட்டு உலகத்துக்குள் கூடவே வரும். "நான் பெட்டியைத் திறக்கவே இல்லை" என்று ஒரு பாத்திரம் சாதிக்க, அவளுடைய வானத்தில் நேற்று இல்லாத புள்ளி இன்று நிற்கட்டும். பகலில், எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகு, யாரோ அதை ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள்.

நிஜமாகவே நடக்கக்கூடிய ஏமாற்றுகள்

மாயத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, ஆய்வுக்கூடங்களில் செய்து காட்டிவிட்டார்கள்.

திசையை மாற்றுவது முதலாவது. நடப்பவர் அறியாமலே காட்சியைச் சுழற்றி அவரை வளைத்து நடக்கவைக்கும் முறையை ஷரீஃப் ரஸ்ஸாக் குழுவினர் 2001-இல் விளக்கினார்கள். 2010-இல் ஃபிராங்க் ஸ்டைனிக்கே குழுவினர் அளந்து பார்த்தபோது, நேராக நடப்பதாக நம்பவைக்க ஏறக்குறைய 22 மீற்றர் ஆரமுள்ள வளைவு தேவைப்பட்டது. லயத்திலோ அதன் முன்திண்ணையான இஸ்தோப்பிலோ அதற்கு இடமில்லை, காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில்கூடச் சந்தேகம்தான். ஆனால் நின்ற இடத்தில் திரும்புவது வேறு கதை. விளையாட்டில் தெரிவதைவிட 49 சதவீதம் கூடுதலாக உடல் திரும்பினாலும் ஆளுக்குத் தெரிவதில்லை. அவள் கண்ணுக்கு 90 பாகை, உடலுக்கு 134 பாகை. வாசலைப் பார்ப்பதாக நினைப்பவள் அடுப்பைப் பார்த்து நிற்பாள். சிறிய காம்பராவில் இதை மட்டும் பாவியுங்கள்.

ஆளை இடம் நகர்த்துவது இரண்டாவது. 2019-இல் வெளிவந்த நியூ ஹேவன் பல்கலைக்கழக ஆய்வு, கணினியோடு இணைத்த ஹெட்செட்டில் எல்லைக்கோட்டை மறைத்து, காட்சியை மெல்ல மெல்ல நகர்த்தி, ஆட்களை அவர்கள் அறியாமலே வேறிடத்துக்கு நடத்திக்காட்டியது. மூன்றாவதுதான் நமக்கு மிகவும் பொருந்துகிறது. 2024-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தினர், ஹெட்செட்டின் முகப்புத் திரையைப் போலவே ஒரு போலி முகப்பைச் செய்து, விளையாட்டை விட்டு வெளியே வந்துவிட்டதாக நினைப்பவரை அதற்குள்ளேயே வைத்திருக்கலாம் என்று காட்டினார்கள். அதற்குத் தேவை டெவலப்பர் மோடும் அதே வைஃபையும். ஒரு ரவுட்டரை நான்கு வீடுகள் பங்கிடும் லயத்தில் வில்லன் ரஷ்யாவில் இருக்கத் தேவையில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் போதும்.

வில்லனைப் பிடிக்கவும் ஒரு வழி வையுங்கள். 2023-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் 50,000-க்கு மேற்பட்ட விளையாட்டாளர்களின் தலை, கை அசைவுகளை எடுத்து, 100 விநாடி அசைவிலிருந்து ஆளை 94 சதவீதம் சரியாக அடையாளம் கண்டார்கள். பெயரை மாற்றலாம், கையை மாற்ற முடியாது. முப்பது வருடம் கொழுந்தெடுத்த ஒரு பெண், விளையாட்டில் பொறுக்கிய காசை இடுப்புப் பைக்குள் போடமாட்டாள். இரண்டு கையும் நிறைந்ததும், முதுகில் கொழுந்துக்கூடை இருப்பதுபோல், தோளுக்குமேல் பின்னால் எறிவாள். கொழும்புப் பையன் என்று சொல்லிக்கொள்ளும் உருவம் அப்படி எறிவதைக் கதாநாயகி பார்க்கட்டும். அதை அந்த இடத்தில் விளக்காதீர்கள்.

மயங்கும் காட்சியைக் கட்டுவது

ஹெட்செட் கண்ணையும் காதையும் மூடும். மூக்கும் பாதமும் வெளியில்தான் இருக்கும். வாசகர் பாதத்தை நம்பப் பழக வேண்டும். மயக்கம் தொடங்குமுன் சீமெந்துத் தரையின் குளிரையும், அடுப்பங்கரை வாசலில் கிடக்கும் ஈரச் சாக்கையும் குறைந்தது மூன்று தடவை சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். பிறகு இப்படி:

கௌசி இடப்பக்கம் திரும்பினாள். கோயில் வாசல் நேரே வந்து நின்றது. சாம்பிராணி மணத்தது. படியில் காலெடுத்து வைத்தாள். கல் இல்லை, ஈரச் சாக்கு.

"தங்கச்சி, அப்படியே நில்லு" என்றார் பக்கத்துக் காம்பரா மாமா. குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

சாம்பிராணியை யாரோ நிஜமாகவே கொளுத்தியிருக்கிறார்கள். மூக்கை ஏமாற்ற ஆள் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். மூக்கை ஒரே ஒரு தடவைதான் ஏமாற்றலாம், இரண்டாம் தடவை வாசகர் உங்களை நம்பமாட்டார். பாதத்தை ஏமாற்றவே கூடாது.

விளையாட்டின் நிலப்படத்துக்கு மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைப் பரிந்துரைக்கிறோம். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. வறட்சியில் மட்டம் இறங்கும்போது கோயிலின் மிச்சங்கள் வெளியே தெரியும், ஊரார் பார்க்கப் போவார்கள். விளையாட்டில் அந்தக் கோயில் துல்லியமாக இருந்தால், படமெடுத்தவர் எப்போது அங்கே நின்றார் என்ற கேள்வி பிறக்கும். போன் படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்ய, ஒவ்வொரு படமும் அடுத்ததோடு 60 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், நூற்றுக்கணக்கில் படம் வேண்டும். அலையும் தண்ணீரும் நகரும் பனிமூட்டமும் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். ஆகவே அந்த ஆள் வறட்சியில், மூட்டம் இல்லாத பகலில், நெடுநேரம் சேற்றில் நடந்திருக்கிறார். அன்றைக்கு யார் யார் பேர் போடவில்லை என்று தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் பார்த்தால் சந்தேகப் பட்டியல் சுருங்கும்.

மண்சரிவை விளையாட்டின் கட்டமாக வைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29-இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின, எடுக்கப்படாத உடல்களும் உண்டு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் உங்கள் கதையை வாசிப்பார்கள்.

எழுதி முடித்ததும் பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் ஹெட்செட் போட்டுப் பழகியவர். குவெஸ்ட் 2 வெளியுலகைச் சாம்பல் நிறத்தில்தான் காட்டும், நீங்கள் சிவப்புச் சேலை என்று எழுதிய இடத்தை அவர் பிடிப்பார். மற்றவர் லயத்தில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டு இருமல் கேட்காத இரவு ஒன்றை எழுதியிருந்தால் அவர் சுழித்துத் தருவார். அந்த இரவில் இருமல் ஏன் கேட்கவில்லை என்பதற்குக் கதைக்குள் காரணம் இருந்தால் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இருமலைச் சேருங்கள்.