நம்மட ஆக்கள்தானே என்று மாஸ்க்கைக் கழற்றும்போது

கொரோனா பரவிய காலத்தில் கல்முனைச் சந்தைக்குப் போகும்போது எல்லோரும் மாஸ்க்கை ஒழுங்காகத்தான் போடுவோம். பொலிஸ் நிற்கிற சந்தி வந்தால் மூக்குக்கு மேலே இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுவோம். சாமான் வாங்கிக்கொண்டு ஊருக்குள் சைக்கிளைத் திருப்பியதும் அது நாடிக்கு இறங்கும். சின்னம்மா வீட்டு வாசலில் கழன்று சட்டைப்பைக்குள் போய்விடும். ஏனென்று கேட்டால், "நம்மட ஆக்கள்தானே" என்போம். அந்தக் காலத்தில் நாம் விட்ட பிழைகளில் பெரிய பங்கு இந்த ஒரு பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. சந்தையில் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் நிற்பது இரண்டு நிமிடம். சின்னம்மா வீட்டில் இருந்து கதைப்பது இரண்டு மணித்தியாலம். தொற்றிய ஒருவரோடு மூடின இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறோமோ, அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும். காய்ச்சலோ இருமலோ தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கலாம் என்பதால், ஆளைப் பார்த்து "சுகமாத்தானே இருக்கிறார்" என்று முடிவு செய்யவும் முடியாது.

செத்தவீட்டில் நடந்ததைப் பாருங்கள். வாசலில் வாளியும் சவர்க்காரமும் இருக்கும். எல்லோரும் கை கழுவித்தான் உள்ளே வருவார்கள், மாஸ்க்கும் முகத்தில் இருக்கும். பிறகு வட்டா வரும். வெற்றிலை, சீவின பாக்கு, சுண்ணாம்பு. ஒருவர் எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவார். வெற்றிலை போட மாஸ்க் இறங்க வேண்டும். போட்ட பிறகு மெல்ல வேண்டும், துப்ப வேண்டும், கதைக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு அது திரும்ப மேலே ஏறாது. செத்தவீடு என்பதால் குரலைத் தாழ்த்திக் கதைப்போம், அதனால் தலைகளும் நெருங்கிவிடும். ஒரு செத்தவீட்டில் பந்தல் மூலையில் இருந்து எண்ணிப் பார்த்தேன். வட்டாவைச் சுற்றிப் பதினொரு பேர். முகம் மூடியிருந்தவர் ஒருவர்தான், அவரும் வெற்றிலை போடாத இளந்தாரி. அடுத்த கிழமை அதில் நாலு பேரின் வீடுகளில் காய்ச்சல்.

துக்கத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. போங்கள், முற்றத்தில் நின்று வீட்டாருக்கு முகத்தைக் காட்டுங்கள், கால் மணித்தியாலத்தில் திரும்பிவிடுங்கள். வெற்றிலையை வீட்டில் போய்ப் போடலாம். வராதவர்களைக் குறை பிடிக்கவும் வேண்டாம். "வரல்லையே என்று நாளைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்" என்ற பயத்தில்தான் பலர் உடம்பு காய்ந்துகொண்டிருக்கும்போதே வந்து இருக்கிறார்கள்.

கை கழுவுவது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றால் பரவுகிறது. கையைக் கழுவிவிட்டு யன்னல் பூட்டின அறைக்குள் பத்துப் பேர் இருந்தால் கழுவினதில் பெரிய பலன் இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதி வருகிறதென்று யன்னலைப் பூட்டுவோம், மாரியில் தூவானம் அடிக்கிறதென்று ஆட்டோவின் இரண்டு பக்கமும் படங்கை இறக்குவோம். அந்த நேரங்களில்தான் மாஸ்க் அதிகம் தேவை. விருந்தாளி வந்தால் விறாந்தையில் இருத்துங்கள். வியர்வையில் நனைந்த மாஸ்க்கையே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்காமல் இன்னொன்றைக் கையோடு கொண்டு போங்கள்.

2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுக் கொத்தணி வெளிப்பட்டு, அதன் தொடர்பு வாழைச்சேனை வரை வந்தபோது சனம் மீன் வாங்கவே பயந்தது. கரையோரத்தில் கடலை நம்பியிருக்கிற குடும்பங்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சமில்லை. சமைத்த மீனால் கொரோனா வராது. மீன்காரரைச் சுற்றி முண்டியடித்து நின்றால் வரலாம். மரக்கறியைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவுகிற வேலையும் வேண்டாம், தண்ணீர் போதும்.

காய்ச்சலை மறைப்பதுதான் எனக்கு மனதில் அதிகம் உறுத்துகிற பிழை. நம் ஊர்களில் அம்மாள் (அம்மை நோய்) போட்ட வீட்டில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் உள்ளே போகமாட்டோம். இளநீரை வேலிக்கு மேலால் கொடுத்துவிட்டு வருவோம். அந்த வீட்டாரை யாரும் கேவலமாகப் பார்த்ததில்லை. தனிமைப்படுத்தல் என்று இப்போது சொல்வதை நம் பெத்தாமார் வேப்பிலையை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதே ஊரில் கொரோனா காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து ஒரு வீட்டில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினால் போனில் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டோம். அந்த வீட்டுப் பிள்ளையைக் கடையில் கண்டால் விலகி, வாய்க்குள் ஏதோ சொன்னோம். அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர் தன் காய்ச்சலை வெளியில் சொல்வாரா?

மறைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை, கொரோனாவால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற விதி இலங்கையில் இருந்தது. இறந்தவரை அடக்கம் மட்டுமே செய்கிற முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் ஒரு வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிள்ளைகள் பயந்திருந்தால், அதை அவர்களின் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பயத்தைக் கொடுத்தது விதி. 2021 மார்ச் 5 அன்று ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாசாக்களை (இறந்தவர்களின் உடல்களை) அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பழைய பயம் இன்னும் மிச்சம் இருந்தால், அதற்காக ஆஸ்பத்திரிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

காய்ச்சல் என்றதும் கொரோனா என்று மட்டும் நினைப்பதும் பிழை. மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் டெங்கும் வந்துவிடும். இரண்டுக்கும் ஆரம்பம் ஏறக்குறைய ஒரே மாதிரி: காய்ச்சல், தலையிடி, உடம்பு நோவு. ஆகவே வளர்ந்தவர்கள் இரண்டு பனடோல், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் இல்லை. நோவுக்கென்று டைக்ளோபெனக், ஐபுபுரூபன் எதையும் வாங்கிப் போடாதீர்கள். டெங்கு என்றால் அவை இரத்தப்போக்கைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டதும் தப்பிவிட்டோம் என்று நினைக்கவும் வேண்டாம். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரமே ஆபத்தான நேரம். கொரோனாவில் மூச்சுக் கஷ்டம் பெரும்பாலும் ஒரு கிழமை கழித்துத்தான் வருகிறது.

என் பெரியம்மாவுக்கு அது எட்டாம் நாள். காய்ச்சல் விட்டிருந்தது. திண்ணையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி கேட்டார். "எனக்கு ஒண்டும் இல்ல மகன், நல்லாத்தான் இருக்கன்" என்றார். ஒட்சிசன் பார்க்கிற மெஷினை விரலில் மாட்டினோம். 89 காட்டியது. "மெஷின் பிழை" என்று தங்கச்சி தன் விரலில் மாட்டிப் பார்த்தாள், 98. திரும்பப் பெரியம்மாவுக்கு மாட்டினால் 88. அப்போதும் வீட்டில் இருந்தவர்கள் "விடியட்டும், பார்ப்போம்" என்றார்கள். நான் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். அம்புலன்ஸ் வந்தது, காசு ஒரு சதம் கேட்கவில்லை. வாட்டில் ஒன்பது நாள் ஒட்சிசனில் இருந்துவிட்டு வந்தார். இந்த நோயில் ஒட்சிசன் இறங்கினாலும் சிலருக்கு இளைப்பே தெரியாது, கதையும் சிரிப்பும் வழமை மாதிரியே இருக்கும். அதனால் ஆளின் பேச்சை நம்பாமல் இலக்கத்தைப் பாருங்கள். 94க்குக் கீழே போனால் காத்திருக்க வேண்டாம். பார்க்கும்போது விரலில் கியூட்டெக்ஸ் இருக்கக்கூடாது, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், இலக்கம் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். இருந்தபடி 96 காட்டுகிறவரைக் கிணற்றடி வரை மெதுவாக நடக்கவிட்டுத் திரும்பவும் பாருங்கள். மூன்று, நாலு குறைந்தால் அதுவும் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விசயம்தான்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மருந்துகளில் எனக்குப் பெரிய பயம் ஸ்டீரொயிட். அதில் ஒன்றான டெக்சாமெதசோன் உயிர் காக்கிறது என்று 2020 ஜூனில் பிரித்தானியாவில் நடந்த ஆய்வு காட்டியது உண்மை. அந்தப் பலன் ஒட்சிசன் தேவைப்பட்ட நோயாளிகளுக்குத்தான். அது தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை, தீமை வரலாம். வீட்டில் முதல் நாளே போட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடங்கும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சீனி ஏறும். போன வருசம் மிஞ்சின அன்டிபயோட்டிக்கும் வைரசை ஒன்றும் செய்யாது. கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். வேது பிடித்தால் வைரஸ் சாகாது, கொதிநீர்ப் பானை சரிந்து பிள்ளைகளுக்குச் சூடு படுகிறது. 2020 டிசம்பரில் கேகாலையில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லிக் கொடுத்த ஒரு மருந்துப் பாணிக்காக ஆயிரக்கணக்கான சனம் நெரிபட்டு நின்றது. அந்தப் பாணியைக் குடித்த அப்போதைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது.

அன்டிஜன் சோதனையில் இல்லை என்று வந்தால், அந்த நேரத்தில் பிடிபடவில்லை என்றுதான் அர்த்தம். அறிகுறி இருந்தால் வீட்டில் இருங்கள், சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அந்தத் துண்டைக் காட்டிக் கலியாண வீட்டுக்குப் போவது பெரிய பிழை.

ஊசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஊசி போட்ட அன்றே காவல் வந்துவிடாது. இரண்டாவது போட்டு இரண்டு கிழமை போக வேண்டும். அதன் பிறகும் தொற்றலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அளவுக்கு முற்றுவது மிகவும் குறைகிறது. ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் கை நோவும் வருவது வழமை. வீட்டில் இளம் பிள்ளைகளை ஊசிக்கு அனுப்பிவிட்டு, "எங்கேயும் போகாதவர்தானே" என்று அப்பப்பாவை விட்டுவிட்டார்கள். அவர் எங்கேயும் போவதில்லைதான். ஆனால் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அவரிடம்தான் வருகிறார்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கலாம், அவருக்கு நடக்க முடியாது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

சுகமாகி வந்தவர்களும் ஒரு பிழை விடுகிறார்கள். விதைப்பு நெருங்குகிறதென்று, காய்ச்சல் விட்ட மறுநாளே வரம்பு கட்ட இறங்குகிறார்கள். களைப்பு பல கிழமைக்கு இருக்கலாம். பெரியம்மா வாட்டில் இருந்து வந்து ஒரு மாதமாகியும் கிணற்றில் இரண்டு வாளி அள்ளினால் குந்திவிடுவார். அப்போது தண்ணீர் அள்ளியது தங்கச்சி.