முதியோர் இல்லத்துக்கு முதல்முறை தன்னார்வலராகப் போகிறீர்களா? மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கல்லூரி இரண்டாம் வருடத்தில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கு வாரம் ஒருமுறை போக ஆரம்பித்தேன். படிப்பு முடியும்வரை போனேன். போவதற்கு முன்னால் யாராவது என்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், அங்கே இருந்த சிலருக்கு என்னால் ஏற்பட்ட சின்னச் சின்ன வருத்தங்களைத் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே தங்கியிருப்பவர்களுக்கு அது வீடு. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. முன்பு எவ்வளவு பெரிய வீட்டில் வாழ்ந்திருந்தாலும் இப்போது அவர்களுக்குச் சொந்தமான இடம் அவ்வளவுதான். நாம் அங்கே விருந்தாளி. இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்வதில் பாதி தானாகவே வந்துவிடும்.

படி 1: எவ்வளவு நேரம் தரமுடியும் என்று கணக்குப் போடுங்கள்

ஆர்வத்தில் வாரம் மூன்று நாள் வருகிறேன் என்று சொல்லாதீர்கள். தேர்வு வரும், செய்முறைத் தேர்வு வரும், ஊருக்குப் போகவேண்டி வரும். வாரம் ஒரு மணி நேரம், ஒரே கிழமை, ஒரே நேரம் போதும். அதைத் தவறாமல் செய்வதுதான் முக்கியம்.

நான் சனிக்கிழமை நாலு மணிக்குப் போவேன். தையல் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தாவுடன்தான் பெரும்பாலும் இருப்பேன். ஒருமுறை தேர்வு நெருக்கடியில் சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்துவிட்டேன். அடுத்த வாரம் அங்கே வேலை பார்க்கும் அக்கா சொன்னார்: மூன்றரை மணிக்கே தலை வாரி, சட்டை மாற்றி, வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாராம். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லையாம். நமக்கு அது ஒரு மணி நேரம். அவருக்கு அது அந்த வாரம். வரமுடியாது என்றால் ஒரு போன் செய்துவிடுங்கள், அது போதும்.

படி 2: பேசி அனுமதி வாங்குங்கள்

நேராகப் போய் நிற்காமல் முதலில் போன் செய்து, தன்னார்வலர்களைக் கவனிக்கும் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். பல இடங்களில் அடையாளச் சான்று கேட்பார்கள். உங்களைத் தெரிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம், காவல்துறைச் சரிபார்ப்பு எல்லாம்கூடக் கேட்கலாம். 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டியிருக்கும். இதெல்லாம் முடியச் சில வாரங்கள் ஆனால் சலித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருப்பவர்களில் பலருக்கு எழுந்து வந்து கதவைச் சாத்த முடியாது. அவர்களுக்காக இன்னொருவர் வாசலில் நின்று பார்க்கிறார், அவ்வளவுதான்.

கல்லூரிக்கு மணிக்கணக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குளியல், சாப்பாடு, மதியத் தூக்கம் எந்த நேரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: கிளம்பும் முன்

சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அது நின்று 48 மணி நேரம் ஆனபிறகுதான் போகவேண்டும். நமக்கு இரண்டு நாளில் சரியாகிவிடும் தொற்று, எண்பது வயதுக்காரரை மருத்துவமனையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரசுக்கு சானிடைசர் மட்டும் போதாது.

நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கூரான மோதிரம், வளையல் வேண்டாம். வயதானவர்களின் தோல் மிக மெல்லியது. லேசாக உரசினாலே கிழிந்துவிடும், ஆறவும் நாளாகும். பிறகு, பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள்.

படி 4: கதவைத் தட்டுங்கள்

திறந்திருந்தாலும் தட்டுங்கள். பதில் வந்த பிறகு உள்ளே போங்கள். பத்தாவது தடவையாகப் போனாலும் பெயரைச் சொல்லுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், எங்கே உட்காரட்டும் என்று கேளுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். எல்லோரையும் தாத்தா, பாட்டி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார், காரணம் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். "டீச்சர்" என்று கூப்பிட்ட அன்றுதான் என்னை முதன்முதலாக உட்காரச் சொன்னார்.

அதே டீச்சரிடம் இன்னொரு தவறும் செய்தேன். மேசை கலைந்து கிடக்கிறதே என்று ஒழுங்குபடுத்தி, மூக்குக் கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அவருக்குப் பார்வை மங்கல். தண்ணீர்க் குவளைக்கு வலப்பக்கம், நான்கு விரல் தள்ளிக் கண்ணாடி. கை தானாக அங்கே போகும். அன்று அந்தக் கை வெறும் மேசையைத் தடவித் தடவித் தேடியது. எதையும் கேட்காமல் நகர்த்தாதீர்கள். ஊன்றுகோலையும் அழைப்பு மணியையும் தொடவே கூடாது.

படி 5: பேச்சு

மாணவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காது. வயதாகும்போது உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். சொற்களைப் பிரித்துக் காட்டும் ச, த, க போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். "பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல" என்று அவர்கள் சொல்வது இதைத்தான். கத்தினால் ஒலி இன்னும் சிதையும், முகமும் கோபமாகத் தெரியும். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நிதானமாக, சொல் சொல்லாகப் பேசுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். டிவியை அணைக்கலாமா என்று கேளுங்கள். காது மெஷின் மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பல நாள் அது இழுப்பறையில்தான் கிடக்கும்.

அடுத்தது வெளிச்சம். இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் அவர்களுக்கு வெறும் நிழல். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, அவர்கள் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள்.

சரி, எதைப் பற்றிப் பேசுவது? "எப்படி இருக்கீங்க" என்றால் "இருக்கேன்ப்பா" என்பதோடு முடிந்துவிடும். பழைய கதையைக் கேளுங்கள். முதியவர்களுக்குப் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள்தான் மற்ற காலத்தைவிட அடர்த்தியாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முதல் வேலை, முதல் சம்பளத்தில் வாங்கியது, சைக்கிள் பழகியது என்று ஆரம்பியுங்கள். வயதானவர்கள் பழசையே பேசுவது மூளை தளர்ந்ததன் அறிகுறி என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்தார். வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பது முதுமையின் இயல்பான வேலை என்றார். அதனால் ஒரே கதை மூன்றாம் முறை வந்தாலும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கூடும்.

அதைவிட நல்ல வழி, அவர்களிடம் எதையாவது கற்றுக்கொள்வது. ஒருநாள் என் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரத் தாத்தா அதைப் பார்த்துவிட்டார். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போனதால் ஊசி பிடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். "பொத்தானுக்கு அடியில தீக்குச்சி ஒண்ணு வை, அது மேல தை" என்றார். தைத்து முடித்ததும் தீக்குச்சியை உருவச் சொன்னார். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் பொத்தானுக்குக் கழுத்து கிடைக்கும். துணி சுருங்காது, பொத்தானும் சீக்கிரம் அறுந்துவராது. நான் போட்ட முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்து, "பிரிச்சிட்டு மறுபடி போடு" என்றார். அன்று அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. வாரம் முழுக்கப் பிறர் கையால் எல்லாம் செய்துகொள்ளும் ஒருவர், அந்த ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறவராக இருந்தார்.

பேச்சு நின்றுபோனால் பதறவேண்டாம். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் துணைதான்.

படி 6: மறதி நோய் உள்ளவர்களுடன்

உலகத்தில் 5.5 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு டிமென்ஷியா இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்கள் போகும் இல்லத்திலும் கட்டாயம் சிலர் இருப்பார்கள்.

"என்னை ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அது அவர்களுக்குத் தேர்வு வைப்பது போல. "நான் இன்னார், போன வாரம் வந்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சின்ன வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பதிலுக்குக் காத்திருங்கள்.

தொண்ணூறு வயது பாட்டி, "எங்கம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கலாம். அவர் இறந்துவிட்டார் என்று திருத்தாதீர்கள். கேட்கும் ஒவ்வொரு முறையும் அது அந்தப் பாட்டிக்குப் புதுச் சாவாகத்தான் இருக்கும். "அம்மாவைத் தேடுதா? அம்மா எப்படி இருப்பாங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் தேடுவது பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பைத்தான். மாலை மங்கும் நேரத்தில் பலருக்குத் தவிப்பு கூடும், அதனால் காலையில் போவது நல்லது. அவர்கள் இளவயதில் கேட்ட பாட்டைப் போட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுபோன சிலர்கூட வரி தவறாமல் பாடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. போன வாரம் தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அது மறதி நோய் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, புது மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

படி 7: செய்யக்கூடாதவை

கேட்காமல் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரை எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலை இல்லை. யாராவது விழுந்துவிட்டால் தூக்காதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம். ஆளைக் கூப்பிட்டுவிட்டு, வரும்வரை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள்.

வீல்சேர் தள்ளச் சொன்னால் முதலில் ஊழியரிடம் பழகிக்கொள்ளுங்கள். உட்காரும்போதும் எழும்போதும் இரண்டு பக்கமும் பிரேக் போட்டிருக்கவேண்டும். கால் இரண்டும் கால்தட்டின் மேல் இருக்கிறதா, கை சக்கரத்தின் பக்கம் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, "கிளம்பலாமா?" என்று கேட்ட பிறகு தள்ளுங்கள். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நீங்கள் முன்னால் இறங்கி, வண்டியைப் பின்பக்கமாக இறக்கவேண்டும். இல்லையென்றால் ஆள் முன்னால் சரிந்துவிடுவார்.

படம் எடுக்காதீர்கள். பின்னணியில் தெரியும் முகமும் ஒருவருடைய முகம்தான். பணம், பத்திரம், கையெழுத்து விஷயம் எது வந்தாலும் பொறுப்பாளரிடம் அனுப்புங்கள். உங்களிடம் சொன்ன கதைகள் உங்களோடு இருக்கட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: யாராவது தன்னை அடிக்கிறார்கள், திட்டுகிறார்கள், பணத்தை எடுக்கிறார்கள் என்று சொன்னால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லவேண்டும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள்.

படி 8: விடைபெறுவது

ஐந்து நிமிடம் முன்பே சொல்லுங்கள். சட்டென்று எழுந்து போனால் அவர்களுக்குத் திக்கென்று இருக்கும். அடுத்து எப்போது வருவீர்கள் என்பதை அறை நாட்காட்டியில், அவர்களிடம் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது தாத்தாவின் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. உங்களுக்கும் இது நடக்கும். அன்று பேசாமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்; பொறுப்பாளரிடமோ அந்த அக்காவிடமோ கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவர்களும் அவரைத் தினமும் பார்த்தவர்கள்தான். அழுகை வந்தால் அழுங்கள்.

படிப்பு முடிந்து நீங்கள் கிளம்புவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லத் தொடங்குங்கள். அடுத்து வரும் மாணவருக்கு ஒரு சீட்டு எழுதி, அந்தப் பெரியவரிடமே படித்துக்காட்டி, அவர் சரி என்ற பிறகு பொறுப்பாளரிடம் கொடுங்கள். டீச்சருக்காக நான் எழுதியது இது:

"டீச்சர் என்று கூப்பிடவும். இடது காது நன்றாகக் கேட்கும். கண்ணாடி குவளைக்கு வலப்பக்கம், நான்கு விரல் தள்ளி. நகர்த்தக்கூடாது."

டீச்சர் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். எழுத்துப்பிழை இல்லை என்றார். கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: "நேரத்துக்கு வரவும்."