ஒரே வாரத்தில் நாலு ஆடு குட்டி போட்டால்: புதிதாக ஆடு வளர்ப்பவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் புரையிடத்தில் (வீட்டுத் தோட்டத்தில்) எட்டு மலபாரி இன ஆடுகள் நிற்கின்றன. கிடாவை எல்லாவற்றோடும் சேர்த்து விட்டால் சினையும் அடுத்தடுத்துப் பிடிக்கும், ஈற்றும் அடுத்தடுத்து வரும். மலபாரிக்கு இரட்டைக்குட்டி சாதாரணம். பார்க்க வீட்டில் ரெண்டு பேர், கூட்டில் ஏழெட்டுக் குட்டி. நான் பறிகொடுத்த குட்டிகளெல்லாம் நல்லபடியாகப் பிறந்தவைதான். பிறகு பால் கிடைக்காமலும் குளிரிலும் போயின. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

படி 1: தேதியைக் குறியுங்கள்

கிடா சேர்ந்த நாளைச் சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். அதிலிருந்து 150 நாள். ஐந்து நாள் முன்பின் ஆகும். ஆனியில் சேர்த்தால் கார்த்திகை மழையில் குட்டி விழும். ஆவணியில் சேர்த்தால் தை மாசம், கூடு காய்ந்து கிடக்கும்போது போடும். ரெண்டு மழைக்காலமும் உள்ள நம் ஊரில் இந்தக் கணக்கு முக்கியம்.

படி 2: கடைசி ஆறு வாரம்

வயிற்றுக்குள் குட்டி வேகமாக வளர்வது இப்போதுதான். பிலா இலையோடு கொஞ்சம் புண்ணாக்கும் தவிடும் சேருங்கள், ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். மரச்சீனி (மரவள்ளி) இலையும் ரப்பர் இலையும் பச்சையாகத் தின்ன விடவே கூடாது. அவற்றில் சயனைடு விஷம் உண்டு. துள்ளுமாரி என்னும் குடல்நச்சு நோய்க்கான தடுப்பூசியை ஈற்றுக்கு முன்பே போட்டுக்கொண்டால், குட்டி போட்டதும் சுரக்கும் முதல் பாலான சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு சேரும். எப்போது போடுவது என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

படி 3: தனி அறை

ஓலைத்தட்டி வைத்து ஒவ்வோர் ஆட்டுக்கும் ஐந்தடிக்கு ஐந்தடி மறையுங்கள். தரை இடுக்கில் குட்டியின் கால் சிக்காதபடி சாக்கும் வைக்கோலும் விரியுங்கள். சேர்த்து அடைத்தால், ஈற்று நெருங்கிய ஆடு அடுத்ததன் குட்டியை நக்கித் தன்னுடையதாக்கிக்கொள்ளும். பிறகு தான் போட்ட குட்டியை முட்டித் தள்ளும்.

படி 4: ஈற்று

மடி இறுகும், வால் அடி குழியும், ஆடு ஒதுங்கிப்போய்க் காலால் தரையைப் பறிக்கும். பன்னீர்க்குடம் தெரிந்தபின் முன்னங்கால் ரெண்டும் அவற்றின் மேல் மூக்கும் வந்தால் கை வைக்காமல் தள்ளி நில்லுங்கள். பின்னங்கால் ரெண்டும் சேர்ந்து வந்தாலும் பெரும்பாலும் தானே போட்டுவிடும். தலை மட்டும், ஒரு கால் மட்டும், வால் மட்டும் தெரிந்தாலோ, அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் ஒன்றும் நகரவில்லை என்றாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம். உள்ளே கைவிட்டு இழுத்துப் பழகுகிற இடம் இதுவல்ல.

படி 5: முதல் ஒரு மணி நேரம்

மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடையுங்கள். மூச்சு வரவில்லையென்றால் வைக்கோல் நுனியால் மூக்கைக் கிண்டினால் தும்மும். தாய் நக்கட்டும், நீங்கள் காய்ந்த துணியால் தேயுங்கள். தொப்புள்கொடியை முழுவதும் டிஞ்சர் அயோடினில் முக்குங்கள்.

அடுத்தது சீம்பால். நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது. நேரம் போகப்போக அதை ஈர்க்கும் திறன் குடலுக்குக் குறைந்துவிடும். காம்பின் நுனி மெழுகுபோல் அடைத்திருக்கும். ரெண்டு பீச்சு பீச்சித் திறந்துவிட்டு, குட்டியின் வாயில் காம்பை வையுங்கள். ஒரு நாளைக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போகவேண்டும்: 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி, பல தடவையாக.

காம்பைச் சப்புவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டிய வயிறும் கூனிய முதுகும் பசிக்கு அடையாளம். இரட்டையில் சின்னது எப்போதும் பின்தங்கும், அதை முதலில் ஊட்டுங்கள். கூட்டின் கம்பத்தில் ஒரு தாள் தொங்கவிட்டு, எந்தக் குட்டி எத்தனை மணிக்குக் குடித்தது என்று எழுதுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு நம் ஞாபகத்தை நம்ப முடியாது. ஒற்றைக்குட்டி போட்ட ஆட்டில் மிஞ்சும் சீம்பாலைச் சின்னப் பாட்டிலில் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி இளக்கவேண்டும். கொதிக்க வைத்தால் வீண்.

படி 6: குளிர்ந்துபோன குட்டி

குட்டியின் வாய்க்குள் விரலை விடுங்கள். சில்லென்றிருந்தால் ஆபத்து. ஆட்டின் சூடு 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 99-க்குக் கீழே போன குட்டிக்குப் பால் ஊற்றக்கூடாது. அதனால் விழுங்கவும் முடியாது, செரிக்கவும் முடியாது. முதலில் சூடேற்றி, தலை தூக்கியபின் பால் கொடுங்கள்.

இதை நான் கற்றது 2017 நவம்பர் 30, ஒக்கி புயலன்று. ரப்பர் மரங்கள் சாய்ந்து பாதை அடைந்தது, கரண்ட் போனது போனதுதான். குட்டிகளுக்குச் சூடு கொடுக்கக் குண்டு பல்பை மட்டும் நம்பியிருந்தேன். அன்று பிறந்த ஒரு பெட்டைக்குட்டி சில்லென்று கிடக்க, பதறிப்போய்ப் பாலை ஊற்றினேன். புரையேறிச் செத்தது. அதன் கூடப்பிறந்ததை அம்மா சுடுதண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினாள். அதுமுதல் மூடி இறுகிய நாலு பாட்டிலும் ஒரு பெட்டியும் கூட்டிலேயே இருக்கின்றன.

படி 7: தாய்

வெதுவெதுப்பான தண்ணீரில் கருப்புக்கட்டி கரைத்துக் கொடுங்கள், ஆசையாகக் குடிக்கும். நஞ்சுக்கொடி தானாக விழவேண்டும், இழுக்காதீர்கள். 12 மணி நேரம் கடந்தும் தொங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுந்ததைக் கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் ஈற்று வேலையில் அவர்களைச் சேர்க்கவே வேண்டாம்; ஆட்டிடமிருந்து தொற்றும் சில நோய்கள் கருவைக் கலைத்துவிடும்.

மூன்றாம் நாள், குட்டி தன் தாயின் குரலுக்குத் தானே ஓடினால் தட்டியை எடுத்துவிடலாம்.