ஆண்ட்ராய்டா, ஐபோனா? முதலில் சிம் தட்டைப் பாருங்கள்

கேமரா, விலை எல்லாம் அப்புறம். இப்போது கையில் இருக்கும் போனின் சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். இரண்டு பிளாஸ்டிக் சிம்மும் ஒரு மெமரி கார்டும் இருந்தால் ஆண்ட்ராய்டுதான் உங்களுக்குச் சுலபம். இந்தியாவில் விற்கும் ஐபோன்களில் இரண்டு பிளாஸ்டிக் சிம் போட இடமில்லை, ஓர் எண்ணையாவது இ-சிம்மாக (தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) மாற்றித்தான் ஆகவேண்டும். மெமரி கார்டு எந்த ஐபோனிலும் கிடையாது. வீடியோ நிறைய எடுப்பவர்கள் வாங்கும்போதே 256 ஜிபி எடுத்துவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது வாட்ஸ்அப்பில். ஆண்ட்ராய்டு பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகும், ஐபோன் பேக்கப் ஐகிளவுடுக்கு. ஒன்றை மற்றதில் இறக்க முடியாது. ஆகவே ஐபோனுக்கு மாறுகிறவர்கள் அதை முதன்முறை செட்டப் செய்யும்போதே, பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' (தகவல்களை ஐபோனுக்கு மாற்றித் தரும் ஆப்பிளின் ஆப்) ஆப்பைத் திறந்து வாட்ஸ்அப்பையும் தேர்வு செய்யுங்கள். இரண்டு போனும் சார்ஜரில் இருக்கட்டும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிவிட்டால், புதுப் போனை ரீசெட் செய்து முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். பழைய அரட்டைகள் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய போனை அழிக்கவே கூடாது.

ஆண்ட்ராய்டு என்று முடிவு செய்தால் அப்டேட் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு 7 ஆண்டு. மலிவு மாடல்களில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அந்தக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளில் தொடங்குவதில்லை, மாடல் சந்தைக்கு வந்த நாளிலேயே தொடங்கிவிடும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலில் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்திருக்கும்.