கும்பகோணத்தில் உட்கார்ந்தே சிறுகோள் தேடுவது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் நட்சத்திரம் தெரிவதே அபூர்வம். ஆனால் இந்த வேலைக்கு மழை ஒரு தடையே இல்லை. தொலைநோக்கி இருப்பது ஹவாயில், ஹலேயகலா மலைமேல். அங்கே பான்-ஸ்டார்ஸ் என்ற அந்தத் தொலைநோக்கி எடுக்கும் படங்களைப் பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்கு ஐஏஎஸ்சி என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. குழுவாகப் பதிவு செய்துகொண்டு, ஒரு விண்டோஸ் கணினியில் படத்தில் பொருள்களின் இடத்தை அளக்கும் அஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளை நிறுவுங்கள்.

படி 1: படங்களை ஏற்றுங்கள். ஒரே வான்பகுதியின் 4 படங்கள் ஒரு தொகுப்பாக வரும். ஐஏஎஸ்சி தரும், மென்பொருளுக்கான அமைப்புக் கோப்பையே (configuration file) பயன்படுத்துங்கள். அது மாறினால் படம் நட்சத்திரப் பட்டியலோடு பொருந்தாது. பொருந்தாத படத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

படி 2: படங்களை மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும், சிறுகோள் மட்டும் நேர்கோட்டில் நகரும். சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும் காலத்தில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைப் பட்டைச் சிறுகோள் மணிக்குச் சுமார் அரை வில்நிமிடம் நகரும் (ஒரு பாகையில் 60 வில்நிமிடம்). படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள்; அவசரப்பட்டால் மங்கலானவை தப்பிவிடும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். புள்ளியைச் சொடுக்கினால் அதன் ஒளி வரைபடம் வரும். உண்மையான பொருளின் ஒளி பல பிக்சல்களில் பரவி, நடுவில் உயர்ந்து, இருபுறமும் சரியும். ஒரே பிக்சல் ஊசிபோல் நின்றால் அது கேமராவின் குறை, இல்லையேல் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்ட தடம். நான்கு படங்களிலும் வேகம், திசை, பிரகாசம் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். இரண்டில் மட்டும் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

படி 3: அறிக்கை அனுப்புங்கள். ஏற்கெனவே அறியப்பட்டதா என்று பார்த்துவிட்டே புதுக் குறியீடு கொடுங்கள். மென்பொருள் உருவாக்கும் அறிக்கையில் ஓர் இடைவெளியைக்கூடக் கையால் மாற்றாதீர்கள். அந்த 80 எழுத்து வரியில் எந்தத் தகவல் எந்த இடத்தில் என்பது முன்பே வகுக்கப்பட்டது.

படி 4: சுற்றுப்பாதைக்குக் காத்திருங்கள். ஒரே இரவின் அளவை வைத்துப் பாதையை உறுதி செய்ய முடியாது. வேறோர் இரவிலும் அதைப் பிடித்தாக வேண்டும். சூரியனிலிருந்து சராசரித் தொலைவு தெரிந்துவிட்டால் சுற்றுக்காலத்தை நீங்களே கணக்கிடலாம்: தொலைவு × தொலைவு × தொலைவு, அதன் வர்க்கமூலம். 2.7 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு) என்றால் சுமார் 4.4 ஆண்டு. சராசரித் தொலைவு 2.5 அலகை ஒட்டி வந்தால் மறுபடி சரிபாருங்கள். வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் அங்குள்ள பொருள் மூன்று முறை சுற்றும்; அந்த ஒத்திசைவில் வியாழனின் ஈர்ப்பு அவற்றை வெளியேற்றிவிடுவதால் அங்கே சிறுகோள்கள் மிகக் குறைவு.

படி 5: குறியீடு, எண், பெயர். நம் ஊர்க்காரர் பெயரில் உள்ளதையே எடுத்துக்கொள்வோம். 1988 பிப்ரவரி 17 அன்று காவலூர் வானியல் ஆய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் குழு ஒரு சிறுகோளைக் கண்டது. தற்காலிகக் குறியீடு 1988 டிகியூ1. ‘டி’ என்றால் பிப்ரவரியின் பின்பாதி. ‘ஐ’ எழுத்தை விட்டு எண்ணினால் ‘கியூ’ 16ஆவது. பக்கத்து 1 ஒரு முழுச் சுற்றை, அதாவது ‘ஐ’ நீங்கலான 25 எழுத்துகளைக் குறிக்கும். ஆக, அந்த அரைமாதத்தின் 41ஆவது பொருள். பாதை உறுதியானபின் 4130 என்ற எண்ணும், கும்பகோணத்தில் படித்து வளர்ந்த ராமானுஜனின் பெயரும் கிடைத்தன.

எண் கிடைத்தபின் பெயரை முன்மொழியக் கண்டுபிடிப்பாளருக்கு 10 ஆண்டு உரிமை உண்டு. ஆங்கில எழுத்தில் 16க்குள் அடங்க வேண்டும். வணிகப் பெயர் கூடாது. அரசியல் தலைவர் என்றால் மறைந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பெயரோடு அதற்கான காரணத்தையும் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். முடிவு சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் குழுவுடையது.