நைட்ரஸ் பொருத்துகிறவர்கள் பெட்ரோலைக் கோட்டைவிடும் இடம்

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் ஒரு செடான் காரைக் கயிறு கட்டி எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். உள்ளே எதையும் மாற்றாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்த 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின். அதற்கு 50 குதிரைத்திறன் கூட்டும் நைட்ரஸ் கிட்டை (பாட்டிலில் அடைத்த நைட்ரஸ் ஆக்சைடையும் கூடுதல் பெட்ரோலையும் இன்ஜினுக்குள் செலுத்தும் அமைப்பு) அவர்களே பொருத்தியிருக்கிறார்கள். இரண்டு ஓட்டம் நன்றாகப் போயிருக்கிறது, மூன்றாவதில் புகை. பிளக்கைக் கழற்றி விளக்கொளியில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலச் சாம்பல் நிறப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. அவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். பல ஆண்டுகளுக்கு முன் என்னுடைய காரிலும் இதே புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். காரணமும் ஏறத்தாழ ஒன்றேதான்: பெட்ரோல் போதவில்லை.

பாதுகாப்புக் கண்ணாடி அணிவது, வாயுவை முகராமல் இருப்பது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பொதுச்சாலையில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிக் கடக்கிறேன்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை நம் விருப்பப்படி மாற்ற இடம் தருவதில்லை. நான் எழுதுவது மூடிய ஓடுதளத்தில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்காக. அவர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெட்ரோல் அழுத்தத்தை ஐடிலில் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது

நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அன்று. அதன் எடையில் சுமார் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் இருப்பது சுமார் 23 சதவீதம்தான். சிலிண்டரின் வெப்பத்தில் அது பிரிந்து அந்த ஆக்சிஜனை விடுவிக்கிறது, அந்த ஆக்சிஜனுக்கு ஈடான பெட்ரோலை நாம் கூடுதலாகக் கொடுத்தால்தான் சக்தி கூடுகிறது. பெட்ரோல் குறைந்தால் கலவை மெலிந்து, வெப்பம் தாறுமாறாக ஏறி, டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் சட்டென்று வெடிப்பது) தொடங்கி, சில நொடிகளில் பிஸ்டனின் விளிம்போ ரிங் அமரும் பகுதியோ போய்விடும். நூறு குதிரைத்திறன் இன்ஜினில் ஐம்பது கூட்டுகிறோம் என்றால், டேங்கிலிருந்து வரும் பெட்ரோலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வேண்டும். கம்பெனி பொருத்திய பம்ப் அதைத் தருமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலோர் கடைசியில் கேட்கிறார்கள்.

என் காரில் நைட்ரஸ் பொருத்தியபோது நானும் கேட்கவில்லை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃபியூவல் ரெயிலில் கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜினை ஐடிலில் விட்டு, முள் இரண்டரை பாரில் அசையாமல் நிற்பதைப் பார்த்து, போதும் என்று முடிவு செய்தேன். ஐடிலில் இன்ஜின் குடிப்பது சொற்பம்; அப்போது எந்தப் பம்பும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். முழுத் த்ராட்டிலில் இன்ஜெக்டர்கள் நீண்ட நேரம் திறந்திருக்க, அதே வேளையில் நைட்ரஸ் கிட்டின் பெட்ரோல் சாலினாய்டும் (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) திறக்கும்போது அந்த முள் எங்கே நிற்கிறது என்பதே விஷயம். என் காரில் அது சரிந்திருக்கிறது; நான் பார்க்கவில்லை. மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில் ஓட்டை விழுந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடினேன். ஆல்டர்னேட்டரில் 13.8 வோல்ட் இருந்தது. பம்பின் கனெக்டரில் அளந்தால் 11.2. பழைய மெல்லிய ஒயர் மீதியைத் தின்றிருந்தது. ஃபில்டரைக் கவிழ்த்துத் தட்டியபோது டேங்கின் துரு செம்மண் குழம்பாக வழிந்தது. இரண்டுமே சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை. பிளாக்கின் சிலிண்டர்களைக் கடைந்து, பிஸ்டன் செட் மாற்றி, ஹெட்டைச் சமன்படுத்தி முடிக்க ஒரு வருடச் சேமிப்பு போனது.

அந்த இளைஞர்களும் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார்கள்: ஐடிலில் எடுத்த கேஜ் படம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே படத்தை யாரேனும் ஒருவர் நீட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் காரில் ரெயிலின் முனையிலிருந்த சோதனை வால்விலிருந்து பெட்ரோலை எடுத்திருந்தார்கள். அதனுள் இருக்கும் சிறு ஸ்பிரிங் வால்வைக் கழற்றாமலே அடாப்டரை முடுக்கியிருந்தார்கள். சைக்கிள் டியூபின் வால்வுக்குள் இருப்பதைப் போன்ற அந்தச் சின்னப் பொருள் வழியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே ஓட விட்டு அளக்க வேண்டும். திறந்த வெளியில், குளிர்ந்த இன்ஜினுடன், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க, பெட்ரோல் குழாயை நாசிலிலிருந்து கழற்றி, அதன் முனையில் அதே ஜெட்டை (பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள துண்டு) மாட்டி, அளவுக் குறியிட்ட கலத்துக்குள் விடுங்கள். பம்பை மட்டும் ஓடவிட்டு, பெட்ரோல் சாலினாய்டை மட்டும் அரை நிமிடம் திறந்து, பெட்ரோல் பாயும் நேரத்தில் அழுத்தம் எவ்வளவு என்பதையும் எவ்வளவு சேர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதில் இன்ஜின் தன் பங்கைக் குடிப்பதில்லை என்பதால், பிறகு டைனோவில் (காரை நிறுத்தியபடியே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) நைட்ரஸைத் திறக்காமல் முழுத் த்ராட்டிலில் ஒருமுறையும், திறந்து ஒருமுறையும் கேஜைப் பார்க்க வேண்டும். அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் நைட்ரஸ் ரிலேயைத் துண்டிக்கும் பிரஷர் சுவிட்சையும் மாட்டிவிடுங்கள். என் காரில் அன்று அது இல்லை. இருந்திருந்தால் அந்த ஓட்டம் மட்டுமே வீணாகியிருக்கும், பிஸ்டன் தப்பியிருக்கும்.

சைலன்சரில் பொருத்திய ஆக்சிஜன் சென்சார் நல்ல எண்ணைக் காட்டுகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது நான்கு சிலிண்டர்களின் சராசரி. மூன்று செழித்து ஒன்று மெலிந்திருந்தாலும் எண் அழகாகவே இருக்கும்.

பாட்டிலை டிக்கியில் வெயிலில் விடுவது

கிட்டுடன் வரும் ஜெட் அட்டவணைகள் பாட்டிலில் 900 முதல் 1,000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இருக்கும் என்று வைத்துக் கணக்கிட்டவை. அது சுமார் 30 டிகிரி செல்சியஸில் கிடைப்பது. குளிர்நாடுகளில் இதை எட்ட ஹீட்டர் போர்வை கட்டுகிறார்கள். நம் ஊரில் சிக்கல் நேர்மாறானது. சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டிக்கி 50 டிகிரியை எளிதாகத் தாண்டும், நைட்ரஸோ 36.4 டிகிரிக்கு மேல் திரவமாகவே இருக்க முடியாது. அழுத்தம் ஏறினால் அதே ஜெட் வழியே பாயும் நைட்ரஸும் கூடும், பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும், கலவை மீண்டும் மெலியும். கோவைக்கு அருகே செட்டிபாளையம் ஓடுதளத்தில் நாங்கள் ஓட்டத்துக்கு முன்பு வரை பாட்டிலை நிழலில் வைத்து ஈரச் சாக்கால் சுற்றியிருப்போம். பாட்டில் கேஜைப் பார்க்காமல் வால்வைத் திறந்ததில்லை.

பாட்டிலைத் தீயில் காட்டிச் சூடாக்குவது

கூடவே கூடாது.

குறைந்த சுற்றில் பட்டனை அழுத்துவது

3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. அந்த நேரத்தில் நைட்ரஸ் நுழைந்தால் சிலிண்டர் அழுத்தம் கனெக்டிங் ராடை வளைக்கும் அளவுக்குப் போகும், அல்லது இன்டேக்கில் தேங்கிய கலவை பின்வாங்கி வெடிக்கும். கையால் அழுத்தும் பட்டனை மட்டும் நம்பாமல், த்ராட்டில் முழுவதும் திறந்தால் மட்டுமே இணையும் மைக்ரோ சுவிட்சையும், ஆர்பிஎம் வரம்பு வைக்கும் விண்டோ சுவிட்சையும் சேர்த்தே மாட்டுங்கள். மேல் வரம்பு, இன்ஜின் சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டருக்குச் சில நூறு சுற்றுகள் முன்னதாகவே முடிய வேண்டும். லிமிட்டர் இன்ஜெக்டரை நிறுத்தும், நைட்ரஸை நிறுத்தாது.

டைமிங்கையும் பிளக்கையும் அப்படியே விடுவது

ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, சுமார் 2 டிகிரி பின்தள்ளுவது வழக்கம். பிளக் ஒரு படி குளிர்ந்ததாக (வெப்பத்தை விரைவாகக் கடத்தும் வகை) இருக்கட்டும், இடைவெளி 0.9 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றுவது

பிய்ந்த ஒரு நூல் போதும், சாலினாய்டு மூடாமல் நிற்க. பேஸ்ட் பயன்படுத்துங்கள்.

பாட்டிலைக் கிடைத்த பக்கம் படுக்க வைப்பது

உள்ளே ஒரு சைஃபன் குழாய் அடிப்பகுதி வரை செல்கிறது. வேகமெடுக்கும்போது திரவம் பின்னால் ஒதுங்கும். அதனால் வால்வு காரின் முன்பக்கம் பார்க்க, முன்முனை சற்று உயர்ந்து, லேபிள் மேலே தெரியும்படி பாட்டிலைப் பொருத்த வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வாயுவை வெளியேற்றும் பர்ஸ்ட் டிஸ்க் வெடித்தால் வாயு வெளியேறும் குழாய் காருக்கு வெளியே முடிய வேண்டும். மூடிய காருக்குள் அத்தனை வாயு பரவினால் ஓட்டுநருக்கு மூச்சுவிட ஆக்சிஜன் மிஞ்சாது.

ஓட்டம் முடிந்ததும் பிளக்கைப் பார்க்காமல் அடுத்த ஓட்டத்துக்குப் போவது

கோட்டைத் தாண்டியதும் இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருண்டே வாருங்கள். ஐடிலில் ஓட்டி வந்தால் பிளக்கில் எழுதியிருப்பது அழிந்துவிடும். நான்கையும் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அந்த இளைஞர்கள் முதல் ஓட்டத்துக்குப் பிறகு பார்த்திருந்தால், இரண்டாவது சிலிண்டரின் பீங்கானில் முதல் சில புள்ளிகளை அப்போதே கண்டிருப்பார்கள்.